முப்பத்திரண்டு பூட்டும் ஒரு ‘பாரடைம் ஷிஃப்ட்’டும்

1. மேசைமேல் வைத்த நெல்

தை மாதத் தொடக்கம், காலை பத்து மணி. தங்கம்மை என் அலுவலகத்துக்குள் நேராக வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு பிடி நெற்பயிர். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தாளின்மேலேயே அதை வைத்தார்.

“பாத்துக்கோங்க ஓவர்சியரம்மா. பொதி கட்டியாச்சு. வயலு வெடிச்சு, காலு உள்ள போகுது. இன்னும் பத்து நாளுக்குள்ள தண்ணி வரல்லன்னா அறுக்கதுக்கு ஒண்ணும் கெடையாது. மாட்டுக்குத்தான் போடணும்.”

கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளேயே திரண்டிருக்கும் பருவத்தைத்தான் பொதி என்கிறோம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வரும் கதிரெல்லாம் பதர்தான். தங்கம்மையின் வயல் கொட்டாரம் பக்கம், எங்கள் கிளைச் சானலின் கடைசி மடையில் இருக்கிறது. முப்பத்திரண்டாம் மடை. இரண்டு போகத்தில் கும்பப்பூவை நம்பித்தான் அந்த வீட்டில் வருஷம் முழுக்கச் சோறு. முதல் போகமான கன்னிப்பூ ஏற்கெனவே போய்விட்டது.

என் பதவியின் பெயர் இளநிலைப் பொறியாளர். ஆனால் சானல்கரையில் எல்லாருக்கும் நான் ஓவர்சியரம்மாதான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முப்பத்தொரு வருட சர்வீஸில் அதற்காகவே இரண்டு மெமோ வாங்கியிருக்கிறேன். அன்றைக்கும் வந்தது. தங்கம்மைமேல் இல்லை, மேல்மடைக்காரர்கள்மேல்.

“திருட்டுப் பயலுவ. எத்தன பூட்டு போட்டாலும் உடைக்கானுவ” என்றேன்.

“நீங்க யார வேணா ஏசுங்க. எனக்குத் தண்ணி வேணும். வந்து சேருமா, சேராதா? ஒத்த வார்த்த சொல்லுங்க.”

“சேரும்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. அவர் நெற்பயிரை எடுக்காமலே போய்விட்டார்.

நம் துறையில் புதிதாக வேலைக்கு வந்து இதைப் படிப்பவர்களுக்கு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அணையில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் சானலில் விட்டோம், ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு. முதல் மடையில் பாய்ந்து, இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கி வரவேண்டும். இருபதாம் மடைக்குக் கீழே வருவதற்குள் ஆறு நாள் முடிந்துவிடும். மேலே இருப்பவர்கள் தேவைக்கு மேல் எடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு மடை ஷட்டருக்கும் பூட்டு போட்டோம். பூட்டை உடைத்தார்கள். கனமான பூட்டு போட்டோம். கரைக்குள்ளே பிவிசி பைப்பைப் புதைத்தார்கள். பைப்பைப் பிடுங்க, சானல்கரையைக் காவல் பார்க்கும் லஸ்கரை அனுப்பினோம், வாழைத்தண்டை அடைத்து மறைத்தார்கள். கடைசியில் அணையிலிருந்து அதிகத் தண்ணீர் கேட்டு வாங்கி விட்டோம். அப்போதும் கடைசி மடையில் நீர்மட்டம் காட்டும் கேஜில் அதே நாலு விரல்தான். அதிகம் விட்டும் ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இன்னும் பத்துப் பூட்டு வாங்க இன்டென்ட் போட்டோம்.

முப்பத்திரண்டு சாவியும் ஒரே வளையத்தில் என் கைப்பையில் கிடக்கும். தோள் வலிக்கும். அதைச் சுமப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன்.

2. சோற்றுத் தட்டில் கிடைத்த அர்த்தம்

மறுநாள் நாகர்கோவிலில் ஒரு பயிற்சி வகுப்பு, போயே தீரவேண்டும் என்று உத்தரவு. தங்கம்மைக்கு ஒன்பது நாள்தான் மிச்சம், நான் ஏசி ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். எரிச்சலாக இருந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், முப்பது வயதுக்குள் இருக்கும், வாயைத் திறந்தால் ‘பாரடைம் ஷிஃப்ட்’ என்றார். ரிப்போர்ட்டைப் பேப்பரில் எழுதாமல் மொபைலில் அனுப்புவது பாரடைம் ஷிஃப்ட். விவசாயியைப் பயனாளி என்று அழைப்பது பாரடைம் ஷிஃப்ட். டீ வருவதற்குள் பதினான்கு தடவை சொன்னதை எண்ணினேன். பிறகு எழுந்துவிட்டேன்.

“தம்பி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஒரு தடவ சொல்லிட்டு மேல போங்களேன்.”

“மைண்ட்செட் சேஞ்ச் மேடம்.”

“அதுவும் இங்கிலீஷ்தானே?”

ஹால் சிரித்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆனால் பையன் நல்ல பையன். மதியச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க கேட்டது சரி மேடம். காலேஜ்ல அறிவியல் தத்துவம் ஒரு பேப்பர் படிச்சேன். காலையில நான் சொன்னது எதுவுமே பாரடைம் ஷிஃப்ட் இல்ல. எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்லிட்டேன்.”

“இப்ப சொல்லுங்க.”

சொன்னார். நான் கேட்டதை என் பாணியில் எழுதுகிறேன். பாரடைம் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘பக்கத்தில் வைத்துக் காட்டுவது’ என்று பொருள், அதாவது மாதிரி. ஒரு கணக்கை வாத்தியார் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார், மீதிக் கணக்குகளை நாம் அதே மாதிரி போடுவோம். அந்த மாதிரிதான் பாரடைம். பல காலம் அது புத்தகத்துக்குள் கிடந்த சாதாரணச் சொல்.

சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில் ஒரு அமெரிக்கர் அதைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார். இயற்பியல் படித்துவிட்டு அறிவியலின் வரலாற்றுக்கு வந்தவர். விஞ்ஞானிகளும் அப்படித்தான், ஒரு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே கணக்குப் போடுகிறார்கள் என்றார் அவர். எல்லாம் பூமியைச் சுற்றுகிறது என்று ஒரு மாதிரி இருந்தது. கிரகங்கள் அதற்கு அடங்காமல் நடந்தன. மாதிரியை யாரும் சந்தேகப்படவில்லை. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். பிறகு ஒருவர் சூரியனை நடுவில் வைத்தார். அந்த மாற்றத்துக்குத்தான் பாரடைம் ஷிஃப்ட் என்று பெயர் வைத்தார் அமெரிக்கர். வட்டத்தைத் திருத்துவது அல்ல, நடுவில் எது இருக்கிறது என்பதே மாறுவது. அதன்பிறகு வியாபாரக்காரர்கள் கையில் சிக்கி, பற்பசை மூடியை மாற்றினால்கூட அந்தப் பெயரைச் சொல்கிறார்களாம்.

“அவருக்கு அது எப்படித் தோணிச்சு?” என்று கேட்டேன்.

“ரொம்பப் பழைய கிரேக்க அறிஞர் ஒருத்தர், பொருட்கள் எப்படி அசையுதுன்னு எழுதினதப் படிச்சிருக்கார். எல்லாம் தப்பா, முட்டாள்தனமா தோணியிருக்கு. இவ்வளவு பெரிய மனுஷன் இப்படி உளறுவாரான்னு ரொம்ப நாள் குழம்பினார். ஒருநாள் பிடிபட்டுச்சு. அவர் உளறல மேடம். அவர் கேட்ட கேள்வியே வேற. நாமதான் நம்ம கேள்விக்குப் பதில அதுல தேடிட்டு இருக்கோம்.”

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எனக்குப் பதினோராம் மடை ஞாபகம் வந்தது.

பதினோராம் மடையின் பூட்டு முதல் முறையிலேயே காணாமல் போயிருந்தது. மாற்றுப் பூட்டு வரவில்லை, ஷட்டர் சும்மாதான் கிடந்தது. ஆனால் கேஜ் புத்தகத்தைப் பார்த்தால், சானலிலேயே குறைவாகத் தண்ணீர் எடுக்கும் மடை அதுதான். பாய்ந்ததும் அவர்களே அடைத்துவிடுவார்கள். “அந்த ஊர்க்காரனுவ நல்லவனுவ” என்று நானும் லஸ்கர் செல்லப்பனும் பேசிக்கொண்டோம். அவ்வளவோடு விட்டுவிட்டோம். அந்த மடைக்காரர்களுக்கு ஒரு குளம் உண்டு. சானல் அடைத்தாலும் குளத்தில் தண்ணீர் இருக்கும். அவர்கள் அடைத்தது நல்லவர்கள் என்பதால் அல்ல. நாளைக்குத் தண்ணீர் உண்டு என்று தெரிந்ததால் அடைத்தார்கள்.

அப்படியானால் மற்றவர்கள் யாரும் திருடர்கள் இல்லையா? தட்டைக் கழுவிவிட்டு, மதிய வகுப்புக்கு உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன்.

3. மாதேவன் அண்ணாச்சியின் கேள்வி

இரண்டாம் மடையில் மாதேவன் அண்ணாச்சி. எங்கள் அலுவலகத்தில் அவருடைய பெயரே ‘திருடன் நம்பர் டூ’. எப்போது போனாலும் அவர் வயலில் முட்டளவு தண்ணீர் நிற்கும், வரப்பு வழிந்து ஓடையில் போகும். அன்றைக்கும் அப்படித்தான். அவர் மண்வெட்டியோடு நின்றார். என்னைக் கண்டதும், “ஏசதுக்கு வந்தியளாக்கும். ஏசிட்டுப் போங்க” என்றார்.

“ஏச வரல்ல அண்ணாச்சி. ஒரு சந்தேகம். நெல்லுக்கு இவ்வளவு தண்ணி ஆகாதுன்னு என்னவிட உங்களுக்குத் தெரியும். பின்ன எதுக்கு இப்படி நெறைக்கிய?”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டார்.

“நீங்க சானல எப்ப அடைப்பிய, எப்ப தொறப்பிய? சொல்லுங்க பாப்போம்.”

“ஆறு நாள் திறப்பு, ஆறு நாள்...”

“காயிதத்துல ஆறு. போன தடவ அடைச்சு எத்தன நாளு கழிச்சு தொறந்திய? பதினொண்ணு. அதுக்கு முந்துன தடவ ஆறு நாளுன்னு சொல்லிட்டு நாலே நாளுல அடைச்சிய. கேட்டா, கீழ பெட்டிஷன் குடுத்தானுவ, மேல போன் வந்துச்சுன்னு சொல்லுகிய. எனக்கு என்ன கொழுப்பா, முட்டளவு தண்ணியில நெல்ல நிறுத்தி வேர அழுக வைக்க? பயம் அம்மா. அடுத்தது என்னைக்குன்னு உங்களுக்கே தெரியாது. தெரியாதவன் கிடைச்சப்பவே அள்ளி வைப்பான். நீங்க வீட்டுல குழாத் தண்ணிய அண்டாவுல பிடிச்சு வைக்கல்லியா?”

என் வீட்டில் இரண்டு அண்டா உண்டு.

இத்தனை வருடம் நாங்கள் கேட்ட கேள்வி, ‘திருடனை எப்படித் தடுப்பது?’ அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, ‘அடுத்த தண்ணீர் எப்போது?’ அதற்கு நாங்கள் ஒருமுறைகூடப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு புகாருக்கும் முறையை மாற்றினோம். மாற்ற மாற்ற அவர்கள் பயம் கூடியது, பயத்தில் இன்னும் அள்ளினார்கள், நாங்கள் இன்னொரு பூட்டு போட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

“அண்ணாச்சி, திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்குத் தண்ணி வரும். மாறாது. ஆனா முதல் ரெண்டு நாள் கடைசி மடைகளுக்கு. அடுத்த ரெண்டு நாள் நடுவுல. கடைசி ரெண்டு நாள் உங்களுக்கு. நீங்க நாலு நாள் பொறுக்கணும். உங்க வயல்ல நிக்குத தண்ணி அதுக்குத் தாங்கும். பொறுப்பியளா?”

“தலகீழா விடப் போறியளாக்கும்.” அவர் சிரித்தார். “பூட்டு?”

“பூட்டு கிடையாது.”

கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவ பாப்போம். ஆறு மணின்னா ஆறு மணியாக்கும்” என்றார்.

4. “உங்கள என்னால காப்பாத்த முடியாது”

என் மேலதிகாரியான ஏ.இ.இ. சார் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். நான் சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்தது.

“பூட்டை எடுத்துட்டு, கடைமடைக்கு முதல்லயா? மேல இருக்கவங்க ஒரே நாள்ல உறிஞ்சிடுவாங்க. அப்புறம் தங்கம்மை இல்ல, முப்பது தங்கம்மை வந்து நிப்பாங்க. உங்கள என்னால காப்பாத்த முடியாதும்மா.”

“சார், பூட்டு போட்டும் நாலு விரல்தான் போகுது. அதுக்குக் கீழ போக ஒண்ணும் இல்ல. ஒரு முறை மட்டும் குடுங்க. தோத்தா என் பேர்ல எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தாறேன்.”

“இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்?”

“சேரும்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன் சார்.”

கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். அடுத்த நான்கு நாள் நானும் செல்லப்பனும் மடை மடையாக நடந்தோம். பூட்டைக் கழற்றினோம், நேரத்தைச் சொன்னோம், வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். செல்லப்பன் குழித்துறைக்காரர், தண்ணீரை வெள்ளம் என்பவர். பயிற்சி வகுப்பில் கேட்டதை அவரிடம் வழியெல்லாம் சொன்னேன். “அந்த பேரு என் வாயில நொழையல்ல மேடம். வெள்ளம் எறங்கினா போதும்” என்றார். ஏசாத ஊர் இல்லை. ஒன்பதாம் மடையில், “பூட்ட எடுத்துட்டு இவளே ராத்திரி வந்து போடுவா” என்று காதுபடச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கழற்றிய பூட்டுகளை அலுவலகத்தில் வைத்தேன். ஒரே ஒரு பூட்டையும் சாவி வளையத்தையும் மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், சும்மா என்றுதான் சொல்லியிருப்பேன்.

5. நான் போட்ட பூட்டு

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. தங்கம்மையின் பத்து நாளில் நான்கு நாள் மிச்சம். எட்டு மணி வரை மேல்மடைகளில் ஒரு ஷட்டர்கூட உயரவில்லை. நான் சானல்கரையில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு கீழே போனேன், ரோடு வழியாகத் திரும்பி வந்தேன். ஒன்பதரை மணி. இரண்டாம் மடை ஷட்டர் ஒரு முழம் தூக்கியிருந்தது. தண்ணீர் குபுகுபுவென்று மாதேவன் அண்ணாச்சி வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவரைக் காணவில்லை.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாரே! ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. போன் போடவில்லை. ஷட்டரை இறக்கினேன், பையிலிருந்த பூட்டை எடுத்து மாட்டினேன். மாட்டிவிட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் வெறும் வயலைப் பார்த்து ஏசினேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ரோடு வழியாகவே கீழே கிளம்பிவிட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, செல்லப்பன் போன். மூச்சு இரைத்தது. “மேடம், ரெண்டாம் மடைய யாரோ பூட்டிட்டானுவ! பாலத்துக்கண்ணுல ஆகாயத்தாமர அடைச்சுக் கெடக்கு. வெள்ளம் கரையத் தொட்டாச்சு, இப்பக் கவியும்!”

விஷயம் இதுதான். இரண்டாம் மடைக்குக் கீழே ஒரு பாலம். அதன் கண்ணில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துவிட்டது, தண்ணீர் மேலே ஏற ஆரம்பித்தது. மண்கரை உடைந்தால் அந்த முறை முழுதும் போச்சு. கீழே ஒருவருக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதைப் பார்த்த மாதேவன் அண்ணாச்சி தன் ஷட்டரைத் தூக்கித் தண்ணீரைத் தன் வயலுக்குள் வாங்கிக்கொண்டு, நாலு ஆளோடு பாலத்துக்கடியில் இறங்கியிருக்கிறார். முட்டளவு நின்ற வயல் மூழ்குமே என்று அவர் பார்க்கவில்லை. நான் பூட்டியது அந்த ஷட்டரை.

திரும்பிப் போன வேகம் எனக்கு நினைவில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு சாவி வளையத்தை எடுக்கிறேன். வளையத்தில் முப்பத்திரண்டு சாவி. இது எந்த மடைப் பூட்டு என்று பார்த்து எடுத்து வந்தவள் இல்லையே நான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். பக்கத்தில் கரைமேல் தண்ணீர் கசிந்து என் செருப்பை நனைக்கிறது. பத்தொன்பதாவது சாவியோ இருபதாவதோ திரும்பியது. ஷட்டரைத் தூக்கினேன். தண்ணீர் அவர் வயலுக்குள் விழுந்தது, சானலில் மட்டம் மெல்ல இறங்கியது.

அரைமணி நேரத்தில் பாலம் சுத்தமானது. அண்ணாச்சி மார்பு வரை சேறும் தாமரை வேருமாக ஏறி வந்தார். பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நான்தான் அண்ணாச்சி. திருடுறியன்னு நெனச்சிட்டேன்” என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அவர் தன் கையாலேயே ஷட்டரை இறக்கி அடைத்தார். “எனக்கு நாலு நாளு கழிச்சுத்தானே. அது கெடக்கட்டும். கீழ போங்க, தங்கம்மை காத்துக்கிட்டு இருப்பா” என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாதது அவருடைய உரிமை.

6. போதும்

அன்று மாலை நான்கு மணிக்கு முப்பத்திரண்டாம் மடையில் தண்ணீர் வந்தது. நாலு விரல் இல்லை, ஒன்றரை அடி. வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது ஒரு சத்தம் வரும். தங்கம்மை வரப்பில் குத்தவைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

கடைமடைகளுக்குப் புதன்கிழமை காலை ஆறு மணி வரை நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் என் போனில் ஒரு குரல் செய்தி. குழுவில் தங்கம்மை போட்டது. “முப்பத்திரண்டாம் மடையாக்கும் பேசுகது. எங்களுக்குப் போதும். அடைச்சாச்சு. மேல விட்டுக்கோங்க.”

அதை ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டிருப்பேன். என் சர்வீஸில் ‘தண்ணி தா’ என்று கேட்டவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, சாபம் விட்டவர்கள் உண்டு. கடைசி மடையிலிருந்து ‘போதும்’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

தங்கம்மையின் வயலில் மேட்டுப்பக்கம் கொஞ்சம் பதராகிவிட்டது. மீதி தேறியது. அண்ணாச்சிக்கும் சொன்ன நாளில், சொன்ன மணியில் தண்ணீர் போனது. மூழ்கிய மூலையில் அவருக்குக் கொஞ்சம் நெல் சாய்ந்தது, அது என் கணக்கில். அடுத்த முறையும் கீழிருந்துதான் விட்டோம். ஏ.இ.இ. சார் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ‘பாரடைம் ஷிஃப்ட்’ என்று எழுதி என்னிடம் காட்டினார். அந்த வார்த்தையை அடிக்கச் சொன்னேன். நேரத்தை மட்டும் எழுதச் சொன்னேன்.

ஏனென்றால் எனக்கு அந்த மாற்றம் நடந்தது அந்தத் திங்கட்கிழமை இல்லை. சோற்றுத் தட்டில் புரிந்ததும் இல்லை, ஏ.இ.இ. சாரிடம் பேசியதும் இல்லை. எல்லாம் பேசிவிட்டுத்தானே பூட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்? தலை மாறியிருந்தது, கை மாறவில்லை.

அது நடந்தது மூன்றாவது முறையின்போது, ஒன்பதாம் மடையைக் கடக்கையில். அந்த மடைக்கு முறை இல்லாத நேரம், ஷட்டர் ஒரு சாண் தூக்கிக் கிடந்தது. என்னைக் காதுபட ஏசிய அதே மடை. கோபம் ஜிவ்வென்று ஏறியது, கை பைக்குள் போனது. பையில் பூட்டு இருந்தது. கை அதைத் தொட்டது. அப்படியே நின்றேன். வெறுங்கையை வெளியே எடுத்து, வயலில் நின்றவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, ஷட்டர் தூக்கிக் கெடக்கே. என்ன ஆச்சு?”